நிறம் மாறிய அட்ரினலின்

அந்த ஆய்வுக்கூடத்தில் எல்லாருக்கும் அவள் பிப்பெட் அக்கா. பன்னிரண்டு வருஷமாகப் பிப்பெட் குழாயில் மருந்தை உறிஞ்சிச் சொட்டுச் சொட்டாக விட்டதில் கட்டைவிரல் காய்த்துப் போனதுதான் மிச்சம். கை சுத்தம், வாய் கொஞ்சம் வெடுக்.

இந்த முறை வந்த வேலை நஞ்சுக்கொடி. எட்டு, ஒன்பது வாரத்தில் கர்ப்பத்தை முடித்துக்கொண்ட பெண்கள் சம்மதித்துக் கொடுத்த துணுக்குகளைக் கழுவிக் கிண்ணங்களில் போட வேண்டும். பாதிக் கிண்ணங்களில் மட்டும் அட்ரினலின் சேர்க்க வேண்டும். பயந்தால், பதறினால் உடம்பில் ஊறுகிற சமாச்சாரம் அது. கருவைத் தாங்கிப் பிடிக்கும் ஹார்மோன்களைத் துணுக்குகள் எவ்வளவு சுரந்தன என்று மறுநாள் அளக்க வேண்டும்.

அவளுக்கு இது வெறும் வேலையில்லை. மூன்று வருஷம் முன்பு, அண்ணன் விபத்தில் அடிபட்டு ஆஸ்பத்திரியில் கிடந்த வாரம், அவள் கரு கலைந்தது. "அழுது அழுதே கரைச்சிட்டே" என்று மாமியார் ஒரே ஒரு தடவைதான் சொன்னார். ஒரு தடவை போதாதா?

முதல் அளவு வந்தது. இரண்டு பக்கமும் ஒரே எண்கள். பதற்றம் ஒன்றும் செய்யவில்லை! சந்தோஷத்தில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

"வித்தியாசமே இல்லையே, எழுதிடலாமா?" என்றார் ஆய்வை நடத்தும் டாக்டரம்மா.

"எழுதிடலாம் மேடம்."

மேஜையைத் துடைக்கும்போதுதான் அட்ரினலின் குப்பி கண்ணில் பட்டது. தண்ணீர் மாதிரி இருக்க வேண்டியது இளஞ்சிவப்பாகக் கிடந்தது. வெளிச்சம் படாமல் அலுமினியத் தாள் சுற்றியிருக்க வேண்டும். மறந்துவிட்டாள். கெட்டுப்போன மருந்தை ஊற்றிவிட்டுத்தான் அத்தனை சந்தோஷம். தொட்டியில் கொட்டினால் ஈ காக்கைக்குக்கூடத் தெரியாது. குப்பியோடு தொட்டிவரை போனாள். பிறகு டாக்டரம்மாவிடம் நீட்டினாள்.

"உன் கையா இப்படி?"

"என் கைதான் மேடம்."

புது மருந்தோடு முதலிலிருந்து செய்தார்கள். இந்தத் தடவை அட்ரினலின் விழுந்த கிண்ணங்களில் ஹார்மோன் ஏறியிருந்தது. குறையவில்லை, ஏறியிருந்தது.

"அப்போ அழுதா கரு கலையாதா மேடம்?"

டாக்டரம்மா அவளை நிமிர்ந்து பார்த்தார். "கிண்ணத்துல ஒரு நாள் நடந்தது இது. வயித்துல என்ன நடக்கும்னு இதை வச்சு யாரும் அடிச்சுச் சொல்ல முடியாதும்மா."

சாயந்தரம் மாமியார் துணி மடித்துக்கொண்டிருந்தார். அவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"அத்தை, நான் அழுததாலதான் போச்சுன்னு சொன்னீங்களே. அது யாருக்கும் தெரியாதாம். படிச்ச டாக்டருக்கே தெரியாதாம்."

மாமியார் கையிலிருந்த துண்டை மறுபடி பிரித்தார், மறுபடி மடித்தார்.

"எனக்கும் ஒண்ணு போச்சு," என்றார். "என்னையும் அப்படித்தான் சொன்னாங்க. நாற்பது வருஷமா நான் நம்பிட்டிருக்கேன்."