பெரிய வெள்ளியில் கடல் பார்த்த சோய்லா

மலைமேல் இருக்கும் எங்கள் ரியோபாம்பா ஊர்ச் சந்தையில் உருளைக்கிழங்கு விற்கும் சோய்லா அக்கா, அறுபது வயது தாண்டியும் கடலைப் பார்த்ததில்லை. பேரம் பேசினால் சிடுசிடுப்பார், ஆனால் பைக்குள் இரண்டு கிழங்கு கூடுதலாக விழும். கடலில் ஒருமுறை முழுக வேண்டும் என்பதைத் தவிர ஆண்டவரிடம் தனக்கென்று அவர் எதுவும் கேட்டு நான் அறியேன்.

புனித வாரத்தில் எங்கள் கோயில் பேருந்து சான் லூகாஸ் கடற்கரைக்குக் கிளம்பியது. வியாழக்கிழமை குளியல், மறுநாள் அங்கே சிலுவைப் பாதை, மாலையில் திரும்புவது என்று ஏற்பாடு. வழியில் மண் சரிந்து சாலை அடைபட்டதால், போய்ச் சேர்வதற்குள் பெரிய வெள்ளி விடிந்துவிட்டது.

பெரிய வெள்ளியன்று கடலில் இறங்கினால் மீனாகிவிடுவோம் என்று சின்ன வயதிலிருந்தே எங்களுக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். எங்கள் ஆட்கள் ஒருவரும் கால் நனைக்கவில்லை. எதிரே பட்டணத்து ஆட்கள் கூட்டமாகக் குளித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் மீனாகவில்லை. உடனே ஆகாதோ, வீட்டுக்குப் போன பிறகுதானோ என்று எனக்கு ஒரே குழப்பம்.

இறங்கினால் பாவமா என்று அக்கா எங்களோடு வந்த ஃபாதரிடம் கேட்டார். பாவம் என்று எங்கும் எழுதவில்லை என்றார் அவர். அப்படியென்றால் நீங்கள் இறங்குவீர்களா என்றதும், தனக்குச் சளி என்று சொல்லி, பயறும் கருவாடும் போட்ட ஃபனேஸ்கா கஞ்சியை ஊதிக் குடிக்கத் தொடங்கினார்.

அடுத்து அக்கா, கரையில் நாற்காலி வாடகைக்கு விடும் வாஷிங்டனிடம் போனார்.

"நான் இங்கயே பொறந்தவம்மா. இன்னைக்கு மட்டும் எறங்க மாட்டேன்."

"அப்ப அவங்கெல்லாம்?"

"அவங்க சுத்திப் பாக்க வந்தவங்க."

"நானும் சுத்திப் பாக்கத்தானே தம்பி வந்திருக்கேன்?"

வாஷிங்டன் அவருடைய கம்பளிச் சால்வையை மேலும் கீழும் பார்த்தார். "உங்களப் பாத்தா அப்படித் தெரியலையே."

அக்கா ஒரு நாற்காலியை வாடகைக்கு எடுத்து, ஈரம் படாத மணலில் போட்டு உட்கார்ந்தார். மதியத்துக்கு மேல் கடல் ஏறியது. மற்றவர்கள் நாற்காலிகளைப் பின்னால் இழுத்துக்கொண்டார்கள். அக்கா அசையவில்லை. கணுக்கால் நனைந்தது, பிறகு முழங்கால்.

"எழுந்திரிங்கம்மா, நாற்காலி போயிடும்" என்று வாஷிங்டன் கத்தினார்.

"நான் எங்கப்பா எறங்கினேன்? உக்காந்த எடத்துலயேதானே இருக்கேன்."

ஒரு கையில் செபமாலையும் இன்னொரு கையில் அவருடைய செருப்புமாக நான் கரையில் நின்றேன். இழுத்து வரப் போனால் நான் இறங்கியதாகிவிடும். விட்டுவிட்டால் அவர் கதி என்ன? யோசித்துக்கொண்டிருக்கும்போதே ஒரு பெரிய அலை வந்து அவர் தலைக்கு மேலே போய்த் திரும்பியது. அக்கா இருமினார், சிலுவை போட்டுக்கொண்டார். அதன்பிறகு தானே எழுந்து, நாற்காலியையும் தூக்கிக்கொண்டு வந்தார். சொட்டச் சொட்ட எங்களோடு சிலுவைப் பாதையும் நடந்தார்.

திரும்பும்போது பேருந்தில் எல்லோருடைய கண்ணும் அவர் காலில்தான். அக்காவே பாவாடையைக் கொஞ்சம் தூக்கி இரண்டு பாதங்களையும் பார்த்துக்கொண்டார். பிறகு என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். அவர் தூங்கியதும் நானும் குனிந்து பார்த்தேன்.