வீட்டுக்குள் ஓடக்கூடாத பக்கம்

நான் கிளாரினெட் வாசிக்கிறவன். தனி ஆள். பேண்டு செட்டுகளில் சேர்ந்து பார்த்தேன். என் கோபத்தை எந்தச் செட்டும் தாங்கவில்லை. அதனால் கோயில் திருவிழாவில் கீர்த்தனை, மாதா கோயில் தேரில் ஜெபப்பாட்டு, கல்யாண வரவேற்பில் சினிமாப் பாட்டு, சாவு வீட்டில் ஒப்பாரி என்று எல்லாவற்றையும் ஒற்றை ஆளாகவே ஊதி வந்திருக்கிறேன்.

சிங்கப்பூரில் இருக்கும் அக்கா மகன் என் பழைய கேசட்டுகளை வாங்கிப்போய், எல்லாவற்றிலும் கொஞ்சம் எடுத்து, பெரிய கறுப்பு ரெக்கார்டாகப் போட்டு அனுப்பினான். இப்போது அங்கெல்லாம் அதற்குத்தான் மவுசாம். பார்சலைப் பிரித்த என் வீட்டுக்காரி தோசைக்கல் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டாள். அட்டையைப் படித்துக் காட்டியதும் அந்தச் சந்தோஷம் போய்விட்டது. முதல் பக்கத்தில் கோயிலும் மாதாவும் கல்யாணமும். மறுபக்கம் முழுக்கச் சாவுக்கு வாசித்தது.

"இந்தப் பக்கம் நம்ம வீட்டுக்குள்ள ஓடக்கூடாது" என்றாள்.

இது புதுச் சட்டம் இல்லை. சாவு வீட்டிலிருந்து வந்தால் நான் கொல்லையில் குளித்துவிட்டுத்தான் உள்ளே வரலாம். கிளாரினெட் மறுநாள்தான் வரலாம். சொந்தத்தில் யாராவது போனால் நான் துண்டைப் போட்டுக்கொண்டு அழுகிற ஆள், ஊதுகிற ஆள் இல்லை. ஆக, நான் எதை நன்றாக வாசிப்பேனோ அதை மட்டும் அவள் கேட்டதே இல்லை. இவன் ஊதினால் செத்தவனுக்கே எழுந்து உட்கார்ந்து கேட்கத் தோன்றும் என்று ஊரே சொல்கிறது. கட்டினவள் கேட்கவில்லை. எனக்கு அது பெரிய குறை. வந்து கேள் என்று கெஞ்ச மானம் இடம் கொடுக்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை அவள் திருவரங்குளம் கோயிலுக்கு பஸ் ஏறியதும், மைக் செட்காரரிடம் பழைய ரெக்கார்டு பிளேயரை இரவல் வாங்கி வந்தேன். நானாவது மெதுவாகக் கேட்டுக்கொள்ளலாம் என்றுதான் போட்டேன். அவர் கொடுத்த ஸ்பீக்கருக்கு மெதுவாக என்பதே தெரியாது. மறுபக்கம் தெரு முழுக்க ஓடியது. நிறுத்த மனசு வரவில்லை, முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து வைத்தேன். அவ்வளவு நன்றாக வாசித்திருக்கிறேன்.

முதலில் பக்கத்து வீட்டுக்காரர் தலைத்துண்டை அவிழ்த்துக்கொண்டே வந்தார். என்னை உயிரோடு பார்த்ததும், "அப்ப தங்கச்சியா?" என்று கலங்கினார்.

"அவ கோயிலுக்குப் போயிருக்கா" என்றேன்.

அதற்குள் யாரோ பந்தல்காரருக்குப் போன் அடித்துவிட, வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகள் வந்து இறங்கின. கடைவீதியிலிருந்து ரோஜா மாலையோடு வந்த ஒருவர், விஷயத்தைக் கேட்டுவிட்டு, வாங்கினதை வீணாக்குவானேன் என்று என் கழுத்திலேயே போட்டார்.

அப்போதுதான் என் வீட்டுக்காரி வந்தாள். பஸ் ஸ்டாப்பிலிருந்தே ஓடி வந்திருக்கிறாள். கூந்தல் அவிழ்ந்து கிடந்தது, செருப்பைக் காணோம். மாலையும் கழுத்துமாக நின்ற என்னை மேலும் கீழும் பார்த்தாள். நான் உள்ளே பாய்ந்து ரெக்கார்டை நிறுத்தினேன். இன்றைக்கு நிஜமாகவே ஒரு சாவு விழப்போகிறது என்று எல்லோரும் ஒதுங்கி அவளுக்கு வழிவிட்டார்கள்.

அவள் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மூச்சு அடங்க நேரமானது.

"பஸ்ஸ விட்டு எறங்குறப்பவே கேட்டுச்சு. நீங்க போயிட்டீங்க, அதான் யாரோ அந்த ரெக்கார்டப் போட்டுட்டாங்கன்னு நெனச்சேன்" என்றாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அழுதுக்கிட்டே ஓடியாறேன், பாவி மனுசன் என்னமா வாசிக்கிறாருன்னும் தோணுது. ஏன் நிறுத்துனீங்க? மொதல்லருந்து போடுங்க."