மூன்றாவது நாய்

ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில் நாங்கள் பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். என் வீட்டுக்காரருக்கு ரயில் பட்டறையில் வேலை. பிள்ளைகள் இல்லை. இரண்டு நாய்கள் இருந்தன: வயதான கறுப்பு, அதன் மகள் செவலை.

பக்கத்து வீட்டு அக்கா ஒரு வெள்ளைக்காரத் துரை வீட்டில் ஆயாவாக இருந்தவர். ஜப்பான்காரனுக்குப் பயந்து துரை குடும்பம் சிங்கப்பூருக்கு ஓடியபோது விட்டுப்போன வெள்ளை நாயை அவர்தான் வளர்த்து வந்தார். அவர் கணவரைச் சயாம் ரயில் பாதை வேலைக்குப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். அக்கா பந்திங் ஊர்ப் பக்கம் ரப்பர் தோட்டத்தில் இருந்த அண்ணன் வீட்டுக்குப் புறப்பட்டார்.

"அங்க பிள்ளைங்களுக்கே கஞ்சி பத்தல, தங்கச்சி. இதை நீ வெச்சுக்க." கயிற்றை என் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

வாசலைத் திறந்து வெள்ளையை உள்ளே விட்டதுதான் தாமதம், இரண்டும் அதன் மேல் பாய்ந்தன. தண்ணீர் ஊற்றிப் பிரிப்பதற்குள் அதன் காது கிழிந்துவிட்டது. அடுப்படி மூலையில் ஒண்டிக்கொண்டு நடுங்கியது. இங்கிலீஷில் 'கம்' என்றால்தான் அது வரும். இங்கிலீஷ் ஜப்பான்காரன் காதில் விழுந்தால் ஆபத்து; அந்தச் சொல்லைக்கூட அப்போது ஜன்னலைச் சாத்திவிட்டுத்தான் சொல்ல வேண்டும்.

"நாமே மரவள்ளிக்கிழங்கு தின்னு நாளை ஓட்டுறோம். மூணாவது வேறயா? யாருக்காவது குடுத்துடு" என்றார் என் வீட்டுக்காரர்.

"இப்போ யாருங்க வாங்குவா? கொஞ்ச நாள் பொறுங்க."

வீடு கறுப்புக்கும் செவலைக்கும் சொந்த இடம். அதனால்தான் சண்டை என்று எனக்குத் தோன்றியது. பொது இடத்தில் பழகட்டும் என்று மறுநாள் சாயங்காலம் தண்டவாளத்தை ஒட்டிய திடலுக்குப் போனோம். அவர் கையில் அந்த இரண்டும், என் கையில் வெள்ளையும்.

"அதட்டாதீங்க. சும்மா நடங்க."

இழுத்தன, குரைத்தன. நாங்கள் எட்ட எட்டவே நடந்தோம். தினமும் அப்படித்தான். எங்களுக்கு நடுவில் இருந்த தூரம் மெல்லக் குறைந்தது. ஒரு நாள் வெள்ளை மூத்திரம் பெய்த புல்லைச் செவலை நெடுநேரம் மோந்து பார்த்துவிட்டு வாலை ஆட்டியது. எனக்கு அன்றைக்குச் சோறு கிடைத்த மாதிரி இருந்தது.

கறுப்பு மட்டும் இறங்கி வரவில்லை. வெள்ளை அடுப்படிப் பக்கம் வந்தாலே பல்லைக் காட்டும். அதனால் வெள்ளைக்குக் குளியலறையில் கதவைச் சாத்தித்தான் தீனி வைத்தேன்.

பிறகு ஜப்பான்காரன் மேல் குண்டு போட வெள்ளைக்காரன் விமானங்கள் வர ஆரம்பித்தன. ஒரு மத்தியானம் அபாயச் சங்கு ஊதியது. வெள்ளையைத் தூக்கிக்கொண்டு கொல்லைப் பதுங்குகுழியில் குதித்தேன். செவலையும் பின்னாலேயே குதித்தது. கறுப்பு விளிம்பில் நின்று வானத்தைப் பார்த்துக் குரைத்தது. கழுத்தைப் பிடித்து உள்ளே இழுத்தேன்.

பட்டறைப் பக்கம் இடி மாதிரிச் சத்தம். மண் எங்கள் மேல் கொட்டியது. என் வீட்டுக்காரர் அங்கேதானே இருக்கிறார்! கறுப்பு நடுங்கிக்கொண்டே நகர்ந்து வந்து, வெள்ளையின் முதுகில் தலையைச் சாய்த்தது. வெள்ளை அசையவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கறுப்பின் முகத்தில் இருந்த மண்ணை நக்கத் தொடங்கியது.

சத்தம் ஓய்ந்து வெகுநேரத்துக்குப் பிறகு அவர் உடம்பெல்லாம் புழுதியாக ஓடி வந்தார். என்னைப் பார்த்ததும் குழி ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டார். மூச்சு வாங்கியது.

"இதுங்க எப்போ ராசியாச்சு?"

"இப்பதான்" என்றேன். அழுதுகொண்டே சிரித்தேன்.

தீனி நேரத்தில் கறுப்பு உறுமுவது கடைசிவரை நிற்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு சங்கு ஊதினால் மூன்றும் எங்களுக்கு முன்னால் குழியில் இருக்கும். அவைகளை நகர்த்திவிட்டு நாங்கள் இறங்குவோம்.