ஜலீல் பாயின் உள்ளங்கை

கார் வந்து நின்றதும் டிக்கியைத் திறந்து, ஊஃபர் பெட்டியின் மேல் உள்ளங்கையைப் பதித்துக் கண்ணை மூடிக்கொள்கிறார் அப்துல் ஜலீல். பாய் ஏதோ ஓதுகிறார் என்று நினைத்துச் செருப்பைக் கழற்றியவர்களும் உண்டு. "பாட்டப் போடுங்க. காது ஏமாத்தும், கை ஏமாத்தாது" என்பார்.

பாபநாசம் கடைத்தெருவில், கார்களுக்குப் பாட்டு செட் மாட்டும் கடை அவருடையது. தொழில் ஷார்ஜாவில் படித்தது. சோதனை மட்டும் நம் ஊர்ச் சோதனை. தவில் கேசட் ஒன்று வைத்திருக்கிறார். தவிலின் தொப்பிப் பக்கத்துத் தடித்த அடி, கேட்பவர் வயிற்றில் வந்து விழாவிட்டால் வண்டியை வெளியே விடமாட்டார். சத்தமே வராத ஊஃபரென்றால் டார்ச் பேட்டரியிலிருந்து தனி ஒயர் இழுத்து அதைத் தொட்டுப் பார்ப்பார். முகப்புத் தாள் 'தொப்'பென்று துள்ளினால், "உசிரு இருக்கு, ஒயர்லதான் நோவு!" அடுத்த கடைக்காரர் தொங்கவிட்ட ஒயர் கண்ணில் பட்டால் போதும், "யாரு கட்டுன தோரணம் இது?" என்று ஆரம்பித்துவிடுவார். வாய் இருக்கிறதே, அப்பப்பா!

ஆனால் அவர் கையை இவ்வளவு புகழ்வதற்குக் காரணம் போன வாரம் வரை ஊருக்குத் தெரியாது. கண்ணாடி ஏற்றிய கார்களுக்குள் காலமெல்லாம் முழுச் சத்தத்தில் உட்கார்ந்ததில் மனுஷருக்குக் காது போய்க்கொண்டிருக்கிறது. தடித்த சத்தம் கேட்கும். குருவிச் சத்தமும் கொலுசுச் சத்தமும் போயே போய்விட்டன. காது கேட்காதவனிடம் யார் கார் செட்டைக் கொடுப்பார்கள்? அந்தப் பயத்தில்தான் பாவம், இத்தனை பேச்சும்.

போன வாரம் கபிஸ்தலத்திலிருந்து துரைராசு வந்தார். "பாய், மச்சான் துபாயிலேருந்து தூக்கிட்டு வந்த ஊஃபரு, ஊமையாயிருச்சு."

பேட்டரி வைத்ததும் தாள் துள்ளியது. பெட்டியைக் கழற்றினால், உள்ளே வெள்ளை வேர் விட்டு, பச்சை கட்டி, நெல் முளைத்து நிற்கிறது!

"என்னா தம்பி, துபாய் பெட்டியில நாத்து வுட்டுருக்கீங்க? நடவு எப்ப?"

துரைராசு தலையைச் சொறிந்தார். "டிராக்டர் கெடைக்கல பாய். ஊறுன விதை மூட்டைய டிக்கியில ஏத்திட்டேன்."

பக்கத்து டீக்கடையில் நின்றவர்கள் சிரித்து ஓய்வதற்குள் ஜலீல் நாற்றைப் பிடுங்கி, நைந்துபோன ஒயரை வெட்டி, புதிதாகப் பற்றவைத்துவிட்டார். தவில் முழங்கியது. டீக்கடைக் கண்ணாடி கிளாஸெல்லாம் ஆடியது. துரைராசு சந்தோஷமாக எஞ்சினைக் கிளப்பினார். அப்புறம் முகத்தைச் சுளித்தார்.

"பாய், கதவு ஸ்பீக்கர்ல விசில் அடிக்குதே? ஆக்ஸிலேட்டர மிதிக்க மிதிக்க ஏறுது."

"ஆமா பாய், நல்லாவே கேக்குது" என்றார் டீ மாஸ்டர்.

ஜலீல் கதவில் உள்ளங்கையை வைத்தார். கை ஒன்றும் சொல்லவில்லை. நோய் அவருக்குத் தெரியும். விதைத் தண்ணீர் இறங்கி, டிக்கியில் இருக்கும் ஆம்ப்ளிஃபயரின் எர்த் ஒயரைப் பிடிக்கும் நட்டு துருவேறியிருக்கும். சுரண்டி முறுக்கினால் விசில் நிற்கும். நின்றதா என்று தெரிவதற்கு அவரிடம் காது இல்லை. 'போகப் போகச் சரியாயிரும்' என்று அனுப்பிவிடலாம். அதற்கு வாயைக்கூடத் திறந்துவிட்டார். வெளியே வந்தது வேறு பேச்சு.

"தம்பி, அந்தச் சத்தம் எனக்குக் கேக்கல. கேட்டு ரொம்ப நாளாச்சு."

ஜலீல் துருவைச் சுரண்டி முடித்து, கடைக்குப் பின்னால் இருக்கும் வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "சைத்தூனு! செத்த வந்துட்டுப் போ."

மனைவி சைத்தூன் பீவி மாவுக்கையைத் துடைத்தபடி, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வந்தார். விஷயம் என்ன என்று கேட்கவில்லை. கதவோரம் நின்று காது கொடுத்தார். விசில் கேட்கிறது என்று ஆட்காட்டி விரலை உயர்த்தினார். ஜலீல் டிக்கிக்குள் குனிந்து ஸ்பேனரைத் திருப்பினார். கண் நட்டில் இல்லை, அந்த விரலில் இருந்தது. இன்னும் ஒரு திருப்பு. விரல் பாதி மடங்கியது. மறுபடி ஒரு திருப்பு. முழுக்க மடங்கியது.

விசில் நின்றுவிட்டது என்று சொல்ல துரைராசு வாயெடுத்தார். அதற்குள் ஜலீல் ஸ்பேனரைத் துடைத்துப் பைக்குள் போட்டுவிட்டார்.