கீழ்ப்படி

நூலகச் சாதனங்களைச் சோதிக்கும் அலுவலகத்தில் அவருக்கு 'முத்திரை' என்று பெயர். பெற்றோர் வைத்த பெயரை அங்கே யாரும் கேட்டதில்லை. கேட்கத் தோன்றும் அளவுக்கு அவர் எதையும் செய்ததுமில்லை. 'தாங்கும்' என்ற ஒற்றைச் சொல் பொறித்த ரப்பர் முத்திரை ஒன்று அவர் மேசையில் இருந்தது. 'தாங்காது' என்று ஒன்று செய்யவே இல்லை. வீட்டில் மனைவி தலைவலி என்றாலும் "தாங்கும், தாங்கும்" என்பார்.

அந்த அலுவலகம் பிறந்த கதை நல்ல கதைதான். ஒரு காலத்தில் ஒவ்வொரு நூலகமும் புத்தகப் பெயர் எழுதி அடுக்கும் அட்டையைத் தன் மனம்போல் வெட்டிக்கொண்டது. ஓர் ஊரின் அட்டை இன்னோர் ஊரின் இழுப்பறைக்குள் நுழையாது; நுழைந்தால் வெளியே வராது. ஓரத்தை நறுக்கப்போய்ப் புத்தகத்தின் பெயரில் பாதியைப் பறிகொடுத்த நூலகங்கள் உண்டு. பொறுமை இழந்த சிலர் கூடி அட்டைக்கு ஒரே அளவு வைத்தார்கள். பிறகு இழுப்பறை, அலமாரி, புத்தக வண்டி, நாற்காலி என்று ஒவ்வொன்றாக உடைத்துப் பார்த்தார்கள். நிஜமாகவே உடைத்தார்கள். ஓர் இழுப்பறையை நாள் முழுக்கத் திறந்து மூட மோட்டார்கூடப் பூட்டியிருந்தார்கள்.

அவர்கள் ஓய்வுபெற்றதும் முத்திரை வந்தார். மோட்டார் சத்தம் காதைத் துளைக்கிறது என்று அதன்மேல் துணியைப் போர்த்தினார். உடைத்துப் பார்த்ததில் உடைப்பது போய், பார்ப்பது மட்டும் மிஞ்சியது. அட்டைகள் ஒழிந்து கணினி வந்தது. புத்தகத்தோடு நழுவுகிறவனைக் கண்டால் அலறும் வாசல் கருவி வந்தது. அதன் தலையிலும் தட்டிப் பார்த்து 'தாங்கும்' என்று குத்தினார். எதைத் தாங்கும் என்று அவரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவுமில்லை.

ஏணி விஷயத்தில் விதியே அவருக்கு இடம் கொடுத்துவிட்டது. 'படியில் மணல் மூட்டையை வைத்து ஆட்டம் காண்கிறதா எனப் பார்க்கவும்' என்று எழுதியிருந்தது. எந்தப் படி என்று எழுதவில்லை. எழுதியவர்களுக்கு ஏணி என்றால் உச்சிதான். இப்படி ஒருவர் வருவார் என்று கனவா கண்டார்கள்? முத்திரை மூட்டையைக் கீழ்ப்படியில் வைத்தார். காலால் தள்ளினாலே ஏறிவிடும். அடியில் அவ்வளவு பாரம் இருந்தால் எந்த ஏணி ஆடும்?

அப்படித் தேறிய ஏணி ஒன்றின் உச்சியிலிருந்துதான் பெரிய நூலகத்தின் அட்டெண்டர் விழுந்து குதிகாலை உடைத்துக்கொண்டார். அடுத்த வருடமே அதே கம்பெனியிலிருந்து அதே மாதிரி ஏணிகள், அதே முத்திரையோடு வந்து இறங்கின. நூலகர் ஏற்றுக்கொண்டு கையெழுத்துப் போட்டால், மறுநாள் முதல் அந்த அட்டெண்டர் அவற்றில்தான் ஏற வேண்டும். நூலகர், முத்திரையின் மனைவிக்குத் தங்கை. போனை எடுத்தார்.

"அத்தான், நீங்க பாஸ் பண்ணின ஏணி ஊஞ்சல் மாதிரி ஆடுது."

"எல்லாம் விதிப்படி பார்த்தாச்சும்மா."

"எந்தப் படி?"

முத்திரை போனை வைத்துவிட்டார். மனைவி விரட்டியதால் நேரில் போனார். அலமாரிகளுக்கு நடுவே அட்டெண்டர் ஒரு காலைச் சாய்த்து நின்றிருந்தார்.

"நீதானா விழுந்தது? ஏறத் தெரியாம ஏறியிருப்பே."

"நீங்க வேலைக்கு வர்றதுக்கு முன்னாடியே ஏறுறேன் சார். ஏணிக்குத்தான் நிக்கத் தெரியல."

"ரொம்பப் பேச வேணாம்" என்று நூலகர் குறுக்கிட்டார். "அத்தான், நீங்களே ஏறி மேல்தட்டுலேர்ந்து ஒரு புத்தகம் எடுங்க. எடுத்துட்டா நான் கையெழுத்துப் போடறேன்."

முதல் படி. இரண்டாவது படி. மூன்றாவதில் ஏணி முனகியது. முத்திரை அலமாரியைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"செருப்பு வழுக்குதும்மா."

"கழட்டிட்டு ஏறுங்க."

"எனக்கு முழங்கால் வலி."

"அவருக்குக் குதிகாலே போச்சு."

"சொந்தம் வேற, ஆபீஸ் வேற. அக்கா புருஷன்கிட்ட இப்படியா பேசறது?"

"அக்கா புருஷன்னுதான் மூணாவது படியோட விடறேன். இறங்குங்க."

இறங்கினார். இறங்குவதில் மட்டும் அவரிடம் ஒரு சுறுசுறுப்பு உண்டு.

"தாங்காதுன்னு குத்திக் குடுங்க, திருப்பி அனுப்பிடறேன்."

"அந்த முத்திரை நம்மகிட்ட இல்லையே."

நூலகர் சளைக்கவில்லை. ஏணிகளோடு வந்த சான்றிதழில் இருந்த 'தாங்கும்' என்பதில் 'கும்' என்பதை அடித்து, மேலே 'காது' என்று எழுதினார். பேனாவை அத்தான் கையில் திணித்தார். முத்திரை அட்டெண்டரைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். ஏணிகள் வந்த வண்டியிலேயே திரும்பிப் போயின.

விதியில் 'படியில்' என்பதற்கு முன்னால் 'மேல்' என்ற சொல் சேர்ந்தது. கேட்டு வாங்கியது நூலகர். பேர் வாங்கியது முத்திரை. அவருடைய பிரிவு உபசார விழா அதே நூலகத்தின் கூடத்தில் நடந்தது. 'ஏணிக்கே வழி காட்டியவர்' என்று மேலதிகாரி புகழ்ந்தபோது வாழ்த்துப் பலகையின் ஒரு மூலைக் கயிறு அவிழ்ந்து தொங்கியது. அட்டெண்டர் நொண்டிக்கொண்டே போய், மேல்படியில் மூட்டை வைத்துச் சோதித்த புது ஏணியைக் கொண்டுவந்து நிறுத்தினார்.

"சார், நான் பிடிச்சுக்கறேன். நீங்க ஏறிக் கட்டுங்க."

கூட்டம் சிரித்தது. முத்திரையும் சிரித்தார். எழுந்து வந்து, கீழ்ப்படியில் ஒரு காலை வைத்து, போட்டோவுக்கு நின்றார்.