கிழங்கு வைத்த மருந்து

எங்கள் ஏலமலையில் மருந்து என்றால் மூன்று. ஆஸ்பத்திரியில் கொடுப்பது ஒன்று. ஏலச்செடிக்கு அடிக்கிற பூச்சிக்கொல்லி இன்னொன்று. மூன்றாவது, புருஷனை வசப்படுத்தப் பெண்டாட்டி சோற்றில் கலந்து வைக்கிறாள் என்று ஊரே நம்புகிற மருந்து. இந்த மூன்றையும் ஒரே காலையில் என் தலையில் கட்டினார்கள்.

உடும்பஞ்சோலைப் பக்கம் எஸ்டேட் லயத்தில், வரிசை வீடுகளில் கடைசி வீடு எங்களுடையது. நான், வீட்டுக்காரர், மாமியார். வீட்டுக்காரருக்கு ஏலத்தோட்டத்தில் மருந்தடிக்கிற வேலை. அந்தத் தவக்காலத்தில் வட்டவடையிலிருந்து ஜீப்பில் ஒரு மூட்டை உருளைக்கிழங்கு கொண்டுவந்தார். காலால் உதைத்துத்தான் இறக்கினார். மூட்டை கல்லில் விழுந்து உருண்டது. எதையும் கையால் தூக்கிவைக்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது. கைக்கு வேறு வேலை இருந்தது. "அடியாத மாடு படியாது" என்று என்னைப் பார்த்துச் சொல்லிச் சிரிப்பார்.

மூட்டை நாள்கணக்காக வெயிலில் வாய்பிளந்து கிடந்தது. கிழங்கெல்லாம் பச்சை ஓடி, அடிபட்ட இடம் கறுத்து, முளையும் விட்டுவிட்டது. தூரப் போட்டுவிடலாம் என்றேன். "பச்சையா இருந்தா புதுசுடி" என்று மாமியார் தோலோடு நறுக்கித் தந்தார். அன்று வெள்ளிக்கிழமை, எனக்கு ஒருசந்தி. சாயங்காலம் சிலுவைப்பாதை முடிந்துதான் அந்த ஒரு வேளைச் சாப்பாடு. அதனால் கறியை உப்புப் பார்க்க நுனி நாக்கில் வைத்துத் துப்பினேன். தொண்டைவரை கசந்து காறியது.

"காறுது அத்த."

"சேனை காறலையா, சேம்பு காறலையா? கிழங்குன்னா காறத்தான் செய்யும். புளியக் கரைச்சு ஊத்துடி."

மாமியார் பிடித்த முயலுக்கு மூன்றே கால். சேனையின் காறல் புளிக்கு அடங்கும் என்பது எங்கள் அடுப்படிகளில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஊற்றினேன். அம்மாவும் மகனும் கஞ்சிக்குத் தொட்டுக்கொண்டு சட்டியில் பாதியைக் காலி செய்தார்கள்.

வெயில் ஏறுவதற்குள் மாமியார் வாசலில் குந்தி வாந்தி எடுத்தார். தோட்டத்திலிருந்து வீட்டுக்காரரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து விழுந்தார்.

"இவ ஒருத்திதான்டா திங்கல. நாக்குல வச்சுத் துப்புனா, நான் பாத்தேன். மருந்து வச்சுட்டாடா!" என்று மாமியார் கத்தினார்.

"எந்த மருந்துடி?" என்றார் அவர். வசியமா விஷமா என்று அவருக்கும் சந்தேகம். நான் வாய் திறப்பதற்குள் கன்னத்தில் விழுந்தது. முடியைப் பிடித்துச் சுவரில் மோதினார். அப்போது வாந்தி வந்துவிட்டது, வெளியே ஓடினார். வாயைத் துடைத்துக்கொண்டு வந்து அடித்தார், மறுபடி ஓடினார். கடைசியாக மருந்து பம்பின் இரும்புக் குழாயோடு வந்தார். கையைத் தூக்கித் தடுத்தேன். காய்ந்த சுள்ளி ஒடிகிற மாதிரி முன்கை முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. லயத்தில் கதவுகள் திறந்தன, ஒருவரும் உள்ளே வரவில்லை. அவ்வளவு ஆத்திரம் எனக்கு அதற்கு முன்பு வந்ததில்லை. கையில் மருந்து இருந்திருந்தால் அப்போது வைத்திருப்பேன்.

ஒரே ஜீப்பில்தான் மூன்று பேரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். மாமியார் மிச்சக் கறியைச் சட்டியோடு மடியில் வைத்துக்கொண்டு வந்தார். எனக்கு எதிரான சாட்சியாம்.

மலையாளத்து டாக்டரம்மா சட்டியைக் கிளறி, பச்சைத் தோல் ஒட்டிய ஒரு துண்டைக் கரண்டியில் எடுத்துப் பார்த்தார். "இது யாரும் வெச்சதல்லா. கிழங்ஙு தன்னே உண்டாக்கிய விஷமாணு" என்றார். அடிபட்டாலும், வெயில் பட்டாலும், பூஞ்சையோ புழுவோ தாக்க வந்தாலும் உருளைக்கிழங்கு தன்னைக் காத்துக்கொள்ளத் தோலில் நஞ்சைக் கூட்டிக்கொள்ளுமாம். பச்சை நிறம் வெயில் பட்டதற்கு அடையாளம், நஞ்சு வேறு. புளி ஊற்றினாலும் கொதிக்கவைத்தாலும் அது போகாதாம்.

"சேசுவே!" என்று மாமியார் சிலுவை போட்டுக்கொண்டார். வீட்டுக்காரர் சிரித்தேவிட்டார். "கிழங்கு வச்ச மருந்தா! நான் பயந்துட்டேன்." என் கை தொங்கிக்கொண்டிருந்தது.

"கைக்கு எந்து பற்றி? என்ன ஆச்சு?" என்று டாக்டரம்மா என்னைக் கேட்டார்.

"வழுக்கி விழுந்துட்டா" என்றார் அவர்.

சொன்னால் திரும்பிப் போக அந்த லயம்தான் இருந்தது. சொல்லாவிட்டாலும் அதே லயம்தான், அதே குழாய்தான்.

"விழல. இவுகதான் அடிச்சாக" என்றேன்.

போலீஸ் வந்தது, கேஸ் ஆனது, அவர் உள்ளே இருந்துவிட்டு வந்தார். அதன் பிறகு கை ஓங்கவில்லை. ஆனால் தட்டில் என்ன விழுந்தாலும் நான் ஒரு வாய் சாப்பிடாமல் அவரும் தொடமாட்டார், மாமியாரும் தொடமாட்டார். "ஒண்ணும் வைக்கல, சாப்பிடுங்க" என்று நான் சொல்வதும் இல்லை. எதற்குச் சொல்ல வேண்டும்? அடித்தால் மாடுதான் படியும், கிழங்கு படியாது.

தவக்காலம் போன பின்னும் வெள்ளிக்கிழமை ஒருசந்தியை நான் விடவில்லை. சாயங்காலம் கோயிலுக்குப் போய்வந்துதான் சாப்பிடுவேன். காலையில் காய்ச்சிவைத்த கஞ்சி அதுவரை ஆறிக் கிடக்கும். அம்மாவும் மகனும் அதன் எதிரே உட்கார்ந்திருப்பார்கள்.