மூன்று மாதமும் ஒரு முக்காலியும்

சங்க வேலையை யாரும் தொழில் என்று ஒப்புக்கொள்வதில்லை, அதில் தொண்டை கெட்டு வைத்தியரிடம் போனால்கூட, "அது சரி, என்ன தொழில் செய்றீக?" என்றுதான் கேட்பார்கள்.

காரைக்குடிக்கு வெளியே ஒரு நூல் மில்லில், நூலைச் சிட்டமாகச் சுற்றும் ரீலிங் பிரிவில், இருபத்திரண்டு வருடம் நின்றேன். அதில் பதினெட்டு வருடம் சங்கத்தில் இருந்தேன். பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு சரி. மிச்சப் படிப்பெல்லாம் துண்டறிக்கையில் படித்ததுதான். என்னோடு கோஷம் போட்ட சிலர் பின்னாளில் கார் வாங்கினார்கள், வாங்கட்டும். நானும் எத்தனையோ மேடை ஏறினேன். எந்த மேடையிலும் எனக்கென்று ஒரு நாற்காலி போட்டதில்லை. நிற்பதற்கென்றே பிறந்தவள் என்று நினைத்துவிட்டார்கள்.

அந்த வயிற்றெரிச்சலை வேறு இடத்தில் எழுதிக்கொள்கிறேன். இது எழுபதுகளின் தொடக்கத்தில் நான் கழித்த மூன்று மாதத்தைப் பற்றியது. சினைப்பையில் நீர்க்கட்டி, நாள் தள்ளியிருக்கிறது, இது கர்ப்பம்தானா, தங்குமா, போய்விடுமா என்று ஆஸ்பத்திரி பெஞ்சில் விரலை நெரித்துக்கொண்டிருக்கும் சகோதரிகளே, உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். உங்களுக்கு ஸ்கேன் இருக்கிறது. எங்களுக்கு டாக்டரம்மாவின் கை மட்டும்தான் இருந்தது. பயத்தில் மட்டும் ஒரு வித்தியாசமும் இல்லை.

மீசைக்காரி

எனக்கு வருடத்தில் மூன்று தடவை, மிஞ்சினால் நான்கு தடவைதான் தீட்டு வரும். மோவாயில் பத்துப் பதினைந்து முடி எப்போதும் இருக்கும். சங்கத்து ஆண்கள் முதுகுக்குப் பின்னால் 'மீசைக்காரி' என்பார்கள். என்னைக் கண்டு பயப்படுகிறார்கள் என்று நினைத்து அதை ஒரு பட்டமாகவே வைத்திருந்தேன். கல்யாணமாகி ஒன்பது வருடம் கழித்து என் வீட்டுக்காரர் சண்முகம் என்னை மதுரைக்குக் கூட்டிப்போனார். அவர் தச்சு வேலை செய்கிறவர்; இழைப்புளி போடுகிற சத்தத்தைவிட அதிகமாகப் பேசமாட்டார். அங்கே வயிற்றைத் திறந்துதான் பார்த்தார்கள். இரண்டு சினைப்பையிலும் சின்னச் சின்னதாக நீர்க்கட்டிகள். கொஞ்சம் வெட்டி எடுத்துவிட்டுத் தைத்து அனுப்பினார்கள்.

காரைக்குடியில் எனக்கு வைத்தியம் பார்த்த டாக்டரம்மா மதுரைக் காகிதத்தைப் படித்து விளக்கினார். முட்டை முதிர்ந்து வெளியே வருவதில்லை, உள்ளேயே நின்றுவிடுகிறது. மோவாயில் முடி முளைப்பதும் அதே கோளாறுதான் என்றார். என் பட்டம் அன்றைக்குப் பறிபோனது. அதைக் காட்டிக்கொள்ளாமல், "உள்ளேயே உக்காந்துக்கிட்டா அதுக்குப் பேரு உள்ளிருப்புப் போராட்டம் டாக்டரம்மா" என்றேன். அவர் சிரிக்கவில்லை. காகிதத்தை மடித்துக்கொண்டே சொன்னார்: "அப்பப் பேச்சுவார்த்தைய நான் பாத்துக்கிறேன். நீங்க கொஞ்ச நாளைக்குக் கோஷம் போடாம இருங்க, மீனா."

எந்த நாள்?

மற்ற பெண்களுக்கு நாள் தள்ளினால் செய்தி. எனக்கு நாள் தள்ளாவிட்டால்தான் செய்தி. மதுரையிலிருந்து வந்தபிறகு ஐந்தாறு மாதம் ஒழுங்காக வந்தது, அப்புறம் நின்றது. பழைய வழக்கம் திரும்பிவிட்டது என்று நானும் பேசாமல் இருந்தேன். காலையில் வாந்தி வந்தபோதுகூட மில் கேன்டீன் வடையைத்தான் சந்தேகப்பட்டேன். சண்முகம்தான் வற்புறுத்தி அனுப்பினார்.

டாக்டரம்மா கையால் பார்த்துவிட்டு, கர்ப்பப்பை பெருத்திருக்கிறது, ஏழு வாரம் இருக்கலாம் என்றார். கல்யாணமான நாலாவது வருடத்தில் ஒன்று இப்படித்தான் வந்து, இரண்டரை மாதத்தில் போய்விட்டது. அதற்கு முந்தின வாரம் நான் ஊர்வலத்தில் நடந்திருந்தேன். ஊர்வலத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்று இதே டாக்டரம்மா சொன்னார். தெருவோ, கொடி பிடித்ததால்தான் போனது என்று என் காதுபடவே பேசியது. ஆகவே இந்தத் தடவை மூன்று மாதம் முடிகிறவரை யாரிடமும் மூச்சு விடுவதில்லை என்று மனசுக்குள் தீர்மானம் போட்டுக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து, கடைசியாகத் தலைக்குக் குளித்தது எந்தத் தேதி என்று கேட்டார். தேதி நினைவில்லை. "கதவடைப்பு முடிஞ்சு வேலைநிறுத்த நோட்டீஸ் ஒட்டுன மறுநாள்" என்றேன். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "நாளைக்குப் பிள்ளைக்கு ஜாதகம் எழுதக் கேட்டாலும் இப்படித்தான் சொல்வீகளா, வேலைநிறுத்த நட்சத்திரம், ரெண்டாம் பாதம்னு?"

மரக்கட்டை

எங்கள் மில்லில் கக்கூஸுக்குப் போக ஒரு மரக்கட்டையை எடுத்துக்கொண்டு போகவேண்டும். பிரிவுக்கு ஒரு கட்டைதான். ஒருத்தி கட்டையோடு திரும்பினால்தான் அடுத்தவள் போகலாம். இந்த அநியாயத்தை எதிர்த்து நானே மூன்று துண்டறிக்கை எழுதியிருக்கிறேன். இப்போது அந்தக் கட்டை பாதி நேரம் என் கையில்தான் இருந்தது. போய்ச் சேலையைப் பார்ப்பேன். கறை இல்லை என்றதும் உயிர் வரும். திரும்பி வந்து ரீலிங் மெஷினில் நாலு சிட்டம் நூல் சுற்றுவதற்குள், ஈரமாக இருக்கிறதோ என்று சந்தேகம் வந்துவிடும். மறுபடி கட்டை.

சகோதரிகளே, நீங்களும் இதைச் செய்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். எத்தனை தடவை பார்த்தாலும் அடுத்த தடவைக்கு அது போதாது. எனக்கு அடுத்த மெஷினில் நின்றவள் பேச்சியம்மாள். என்னைவிட ஆறு வயது இளையவள், நான்தான் சங்கத்தில் சேர்த்துவிட்டேன். கட்டைக்காகக் காலை மாற்றி மாற்றி நின்று பார்த்தவள், ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கத்தினாள்: "ஏக்கா, சங்க ஆபீஸையே அங்குட்டு மாத்திட்டியா?"

விலை போனவள்

கேட் மீட்டிங்கில் எப்போதும் முதலில் பேசுகிறவள் நான். மாட்டுவண்டியின் மேல் ஏறி நின்று ஆரம்பித்தேனென்றால் பஸ் ஸ்டாப்பில் நிற்பவர்களும் திரும்பிப் பார்ப்பார்கள். கத்தினால் கரு கலையாது, கொஞ்சம் நடந்தாலும் கலையாது என்று டாக்டரம்மா தெளிவாகச் சொல்லியிருந்தார். புத்தி அதைக் கேட்டது, வயிறு கேட்கவில்லை. தொண்டை சரியில்லை என்று சொல்லிக் கூட்டத்தின் ஓரமாக நின்றேன். அடுத்த கூட்டத்துக்குப் போகவே இல்லை. டாக்டரம்மா வைத்தியம் பார்க்கிற வீடு மில் மேனேஜர் பங்களா இருக்கும் தெருவில். நான் அந்தத் தெருவுக்குள் போவதையும் வருவதையும் இரண்டு மூன்று பேர் பார்த்துவிட்டார்கள். ஒரு வாரத்தில் எனக்கு மேஸ்திரி வேலை நிச்சயமாகிவிட்டது, அதாவது வதந்தியில்.

பேச்சி வீட்டுக்கே வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. வெளியே எல்லாரும் பேசுவதை ஒன்று விடாமல் சொன்னாள். எனக்கு உண்மை வாய்வரைக்கும் வந்துவிட்டது. சொல்லிவிட்டு, அடுத்த வாரம் அது போய்விட்டால்? விலை போனவள் என்று பேசுவதைத் தாங்கிக்கொள்ளலாம். 'பாவம்' என்று பேசுவதைக் கேட்டுக்கொண்டு அந்த மெஷின் முன்னால் என்னால் நிற்க முடியாது. சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். படியிறங்கும்போது பேச்சி சொன்னாள்: "நீ இல்லைன்னு ஒரு வார்த்தை சொன்னா நான் நம்பிருவேன்க்கா. ஒண்ணுமே சொல்லாட்டி நான் எதை நம்ப?"

வாந்தி நின்ற நாள்

பத்தாவது வாரத்தில் ஒருநாள் காலையில் வாந்தி வரவில்லை. வேறு யாராக இருந்தாலும் சந்தோஷப்பட்டு இரண்டு இட்லி கூடச் சாப்பிட்டிருப்பார்கள். நான் சண்முகத்தின் வார்னிஷ் டப்பாவைத் திறந்து மோந்து பார்த்தேன். முந்தின நாள்வரை அந்த வாசனைக்குக் குடலே புரண்டது. இப்போது ஒன்றும் இல்லை. கருவாட்டை மோந்தேன், ஒன்றும் இல்லை. முடிந்துவிட்டது என்று அடுப்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். டவுன் பஸ்ஸைப் பிடித்து டாக்டரம்மாவிடம் ஓடினேன். அவர் பார்த்துவிட்டு, கர்ப்பப்பை போன தடவையைவிட வளர்ந்திருக்கிறது, வாந்தி சிலருக்கு ஒருநாள் வரும் ஒருநாள் வராது என்றார். மனதில் இருக்கும் பயத்தையெல்லாம் ஒரு தாளில் எழுதி வைத்துவிட்டு வேலையைப் பார்க்கச் சொன்னார்.

எழுதுவது என்றால் எனக்கு ஒரே மாதிரிதான் வரும். பழைய துண்டறிக்கையின் பின்பக்கத்தில் ஒன்று, இரண்டு என்று எண் போட்டு எழுதினேன். ஒன்று, தினமும் வாந்தி தவறாமல் வரவேண்டும். இரண்டு, கறை கூடாது. மூன்று, மூன்று மாதம் முடியும் முன்னால் எந்தக் காரணத்துக்காகவும் வெளிநடப்பு செய்யக்கூடாது. இப்படி ஒன்பது வரை போனது. ஒவ்வொன்றாக எழுத எழுத நெஞ்சு கொஞ்சம் இறங்கியது உண்மை; நீங்களும் செய்து பாருங்கள். சண்முகம் மரத்தூளைத் தட்டிவிட்டு அந்தத் தாளை வாங்கி முழுவதும் படித்தார். "எல்லாம் நம்ம கோரிக்கையாவே இருக்கு. அது என்ன கேக்குதுன்னு ஒரு வரி இல்லையே, மீனா."

பதினாலாவது கோரிக்கை

அது கேட்டதை மறுநாளே தெரிந்துகொண்டேன். மில்லிலிருந்து வந்து சேலையை அவிழ்த்தபோது காப்பிக்கறை மாதிரி ஒரு பொட்டு. டாக்டரம்மா மூன்று நாள் படுக்க வைத்தார். கறை நின்றது. வேலைக்குப் போகலாம், ஆனால் எட்டு மணி நேரம் ஒரே நிலையாக நிற்கக்கூடாது, இடையிடையே உட்கார வேண்டும் என்றார். ரீலிங்கில் உட்கார எதுவும் கிடையாது. பதினோரு வருடத்தில் எனக்கென்று நிர்வாகத்திடம் எதையும் கேட்காதவள், அன்றைக்குச் சூப்பர்வைசர் அறைக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு, காரணத்தைச் சொல்லி, ஒரு முக்காலி கேட்டேன்.

அவர் கெட்டவர் இல்லை. இழுப்பறையிலிருந்து மூன்று வருடத்துக்கு முந்தின பேச்சுவார்த்தைக் காகிதத்தை எடுத்து என் முன்னால் போட்டார். எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பத்து வேண்டுமென்றால் பதினாலு கேட்போம். கடைசி நான்கும் விட்டுக்கொடுப்பதற்காகவே சேர்ப்பது. அந்தப் பதினாலாவது, 'ரீலிங் பிரிவில் கர்ப்பிணிப் பெண்கள் உட்கார முக்காலி'. எழுதியவள் நான்தான். சஸ்பெண்டான இரண்டு ஆண்களைத் திரும்ப வேலைக்கு எடுப்பதற்காக, யாரும் கேட்பதற்கு முன்பே அதை என் பேனாவால் அடித்துவிட்டு, சாமர்த்தியமாகப் பேரம் முடித்தேன் என்று அன்றைக்கு மார்தட்டினேன். அந்த இரண்டு பேரில் ஒருவர்தான் நான் விலைபோய்விட்டதாக முதலில் கிளப்பிவிட்டவர். சூப்பர்வைசர் அந்தக் கோட்டின் மேல் விரலை வைத்து, கிண்டல் கொஞ்சமும் இல்லாமல் கேட்டார்: "இதை அடிச்சது உங்க கைதானே, மீனாம்மா? இப்ப உங்க ஒருத்திக்கு மட்டும் கொடுத்தா மத்தவுகளுக்கு நான் என்ன சொல்ல?"

மரப்பெட்டி

திரும்பி வந்து மெஷின் முன்னால் நின்றேன். நான் அந்த அறைக்குள் போனதையும், கதவு சாத்தியதையும் பிரிவு முழுவதும் பார்த்திருந்தது. டீ நேரம் மணி அடித்ததும் பேச்சி எல்லாருக்கும் கேட்கும்படி கேட்டாள். "உள்ள என்னக்கா பேசுன? இப்பவாவது சொல்லு." மேஸ்திரி வேலைக்கு எப்போது வருகிறாய் என்று பின்னாலிருந்து ஒருத்தி சிரித்தாள்.

நான் எத்தனையோ ஆயிரம் பேர் முன்னால் பேசியிருக்கிறேன். அன்றைக்கு இருந்தது பதினாறு பேர், மெஷினைப் பிடித்துக்கொண்டுதான் பேசினேன். "வயித்துல இருக்கு. பதினோரு வாரம். கட்டி உள்ள வயிறு, மூணு நாளைக்கு முந்திக் கறை பட்டுச்சு. தங்குமான்னு தெரியாது. உக்கார ஒரு முக்காலி கேக்கத்தான் போனேன். கிடைக்கலை. அந்தக் கோரிக்கைய அடிச்சதே நான்தான்." அவ்வளவுதான் பேச்சு. கைதட்டல் எதுவும் இல்லை. போன வருடம் ஏழாம் மாதம்வரை இதே இடத்தில் நின்ற ஒருத்தி என்னை ஒரு பார்வை பார்த்தாள். அதை நான் இன்னும் மறக்கவில்லை. பேச்சி போய், நூல் கண்டு வருகிற மரப்பெட்டி ஒன்றைக் காலி செய்து, இழுத்து வந்து, என் பின்னால் கவிழ்த்துப் போட்டாள். என் மெஷினில் பாதியை அவளும், பாதியை அந்தப் பக்கத்துக்காரியும் எடுத்துக்கொண்டார்கள். சூப்பர்வைசர் வாசல்வரை வந்தார். பதினாறு பேரும் அவரையே பார்த்தார்கள். அவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். நான் மட்டும் இன்னும் நின்றுகொண்டிருந்தேன். பேச்சி என் தோளைப் பிடித்து அழுத்தினாள். "உக்காரு. பதினாலாவது இன்னையிலேருந்து அமுல்."

அடுத்த கோரிக்கைப் பட்டியலில் முக்காலியை முதலாவதாக எழுதினோம்; அது மில்லுக்குள் வந்து சேர்ந்தபோது என் மகள் நடக்கப் பழகியிருந்தாள்.

பதினெட்டு வருடத்தில் நான் நின்றுகொண்டு தோற்றவை எத்தனையோ இருக்க, உட்கார்ந்து ஜெயித்தது அந்த ஒன்றுதான்.